பார்க்கில் மெட்டல் டிடெக்டர் வைத்து தேடலாமா? கிடைக்கும் தங்கம் யாருக்கு? அனுமதி வாங்குவது எப்படி? முழு விளக்கம்

1992-ம் ஆண்டு. இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் உள்ள ஃபார்ன்ஹாம் பார்க். மெட்டல் டிடெக்டருடன் உள்ளே போன ஒருவருக்கு ஓர் இடத்தில் கருவி சத்தம் கொடுத்தது. சுமார் 9 அங்குலம் தோண்டினார். கையில் வந்தது இடைக்காலத்தைச் சேர்ந்த ஒரு தங்க ப்ரூச், அதாவது ஆடையில் குத்திக்கொள்ளும் அணிகலன்.

அவர் அதை மறைக்கவில்லை. முறைப்படி அதிகாரிகளிடம் தெரிவித்தார். விசாரணை முடிந்து ப்ரூச் அவர் கைக்கே திரும்பியும் வந்தது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. பார்க்கின் உரிமையாளரான வேவர்லி கவுன்சில் வழக்குப் போட்டது. 1995-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு: ப்ரூச் கவுன்சிலுக்கே சொந்தம்.

நேர்மையாக நடந்துகொண்டவர் ஏன் தோற்றார்? காரணங்கள் இரண்டு. ப்ரூச் மண்ணுக்குள் புதைந்திருந்தது, தோண்டுவதற்கு அவரிடம் அனுமதியும் இல்லை.

இங்கிலாந்தில் வயல்வெளியில் பழங்கால நாணயம் எடுக்கும் வீடியோக்களை யூடியூபில் பார்த்துவிட்டு, 'நாமும் ஒரு டிடெக்டர் வாங்கி பக்கத்து பார்க்கில் தேடினால் என்ன?' என்று யோசிப்பவர்கள் நிறைய பேர். கருவி ஆன்லைனில் கிடைக்கிறது. ஆனால் பார்க்கில் அதை ஆன் செய்வதற்கு முன் என்ன செய்ய வேண்டும்? இந்தப் பொழுதுபோக்கு அதிகம் புழங்கும் இங்கிலாந்தில் விதிகள் என்ன? நம்ம ஊரில் மண்ணுக்கடியில் ஏதாவது கிடைத்தால் சட்டம் என்ன சொல்கிறது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பொது பார்க்னா எல்லாருக்கும் சொந்தம்தானே?

இங்கேதான் பலரும் தவறு செய்கிறார்கள். பொது பார்க் என்றால் எல்லாரும் உள்ளே வரலாம், நடக்கலாம், உட்காரலாம், விளையாடலாம். அவ்வளவுதான். அந்த நிலத்துக்கு ஓர் உரிமையாளர் இருக்கிறார். இங்கிலாந்தில் பெரும்பாலும் அது உள்ளூர் கவுன்சில். சில இடங்களில் அறக்கட்டளையாகவோ தனியாராகவோ இருக்கலாம்.

ஃபார்ன்ஹாம் பார்க் வழக்கில் நீதிமன்றம் இதைத்தான் தெளிவுபடுத்தியது. மண்ணுக்குள் புதைந்திருக்கும் பொருளில், கண்டெடுத்தவரைவிட நில உரிமையாளருக்கே அதிக உரிமை உண்டு. பொழுதுபோக்குக்காக பார்க்குக்கு வரும் உரிமையில், டிடெக்டர் வைத்துத் தேடுவதும் தோண்டுவதும் அடங்காது. அனுமதி இல்லாமல் தோண்டினால் அது அத்துமீறல்.

தரையின் மேலே கிடக்கும் பொருளுக்கு விதி கொஞ்சம் வேறு. உரிமையாளர் யாரென்று தெரியாமல் புல் மேல் கிடக்கும் பொருளில், கண்டெடுத்தவருக்கு ஓரளவு உரிமை இருக்கலாம். ஆனால் டிடெக்டர் தேடுவதே மண்ணுக்கடியில் இருப்பதைத்தானே! அதனால் பார்க்கில் இந்தச் சலுகை பெரிதாக உதவாது.

இது போக, பல கவுன்சில்கள் தங்கள் பார்க்குகளுக்குத் தனி விதிகள் வைத்துள்ளன. கவுன்சிலின் சம்மதம் இல்லாமல் உலோகம் கண்டறியும் கருவியைப் பயன்படுத்தக் கூடாது என்பது அவற்றில் வழக்கமாக இடம்பெறும் ஒரு விதி. அந்த விதி உள்ள பார்க்கில் தோண்டவே வேண்டாம். கருவியைப் பயன்படுத்தினாலே விதிமீறல்.

ஏன் இவ்வளவு கெடுபிடி?

ஒரு சின்னக் குழிதானே என்று தோன்றும். அதிகாரிகள் பார்க்கும் விஷயங்கள் வேறு.

முதலில் பாதுகாப்பு. சரியாக மூடாத குழியில் குழந்தையின் கால் மாட்டிக்கொள்ளலாம். மண்ணுக்கடியில் மின்சார கேபிள், தண்ணீர்க் குழாய், மரங்களின் வேர் எல்லாம் போகும். இங்கிலாந்தில் இரண்டாம் உலகப் போர் காலத்து வெடிக்காத குண்டுகள் இன்றைக்கும் மண்ணிலிருந்து கிளம்புகின்றன.

இரண்டாவது, வரலாறு. டிடெக்டரின் வட்டமான சுருள் ஒரு மின்காந்தப் புலத்தை உருவாக்குகிறது. கீழே உலோகம் இருந்தால் அதில் சிறு மின்னோட்டம் கிளம்பும். அதைக் கருவி உணர்ந்து சத்தம் கொடுக்கும். அந்த உலோகத்தைச் சுற்றி இருக்கும் பானை ஓடு, கரி, எலும்பு, மண் அடுக்கு பற்றி கருவிக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ஒரு பொருள் எந்தக் காலத்தைச் சேர்ந்தது, யார் பயன்படுத்தினார்கள் என்று சொல்வது அவைதான். அவசரமாகக் குழி தோண்டி நாணயத்தை மட்டும் எடுத்தால், அதன் கதை மண்ணோடு கலைந்துவிடும். திரும்ப அடுக்க முடியாது.

எங்கெல்லாம் கேட்டாலும் கிடைக்காது?

லண்டனில் ஹைட் பார்க், ரிச்மண்ட் பார்க், கிரீன்விச் பார்க் உள்ளிட்ட 8 ராயல் பார்க்குகள் உள்ளன. இவற்றில் பொதுமக்கள் மெட்டல் டிடெக்டர் பயன்படுத்த அனுமதி இல்லை.

நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் நிலங்களிலும் பொழுதுபோக்குத் தேடலுக்கு வழக்கமாக அனுமதி தரப்படுவதில்லை. தொல்லியல் ஆய்வின் ஒரு பகுதியாக இருந்தால் மட்டும் உரிமத்தோடு நடக்கும்.

பாதுகாக்கப்பட்ட தொல்லியல் சின்னங்கள் உள்ள இடம் இன்னும் கண்டிப்பானது. 1979-ம் ஆண்டு சட்டத்தின் 42-வது பிரிவின்படி, இங்கு மெட்டல் டிடெக்டர் பயன்படுத்த ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்பின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும். நில உரிமையாளர் 'சரி, தேடிக்கோங்க' என்று சொன்னாலும் போதாது. சம்மதம் இல்லாமல் இறங்கினால் குற்றம்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சாதாரண பார்க் போலத் தெரியும் இடத்துக்குள்ளேயே பழைய கோட்டை மேடோ, ரோமானியர் காலச் சுவரோ பாதுகாக்கப்பட்ட சின்னமாக இருக்கலாம். வேலி, போர்டு எதுவும் இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. எனவே வரைபடத்தில் பார்க்காமல் போகக் கூடாது.

லண்டனில் தேம்ஸ் நதிக்கரையில் தேடவும் லண்டன் துறைமுக ஆணையத்தின் பெர்மிட் கட்டாயம். அங்கே டிடெக்டர் இல்லாமல் கண்ணால் பார்த்துப் பொறுக்குவதற்கே பெர்மிட் வேண்டும்!

சரி, அனுமதி வாங்குவது எப்படி?

முதல் வேலை: நிலம் யாருடையது என்று கண்டுபிடிப்பது. பார்க் வாசலில் உள்ள போர்டில் பெரும்பாலும் நிர்வாகம் யார் என்று இருக்கும். ஆனால் பராமரிப்பவரும் உரிமையாளரும் ஒருவராக இல்லாமல் இருக்கலாம். சந்தேகம் இருந்தால் நிலப் பதிவேட்டில் கட்டணம் செலுத்திப் பார்க்கலாம்.

இரண்டாவது: தடை உள்ள இடமா என்று பார்ப்பது. ஹிஸ்டாரிக் இங்கிலாந்து இணையதளத்தில் உள்ள தேசிய பாரம்பரியப் பட்டியலில் தேடினால், அங்கு பாதுகாக்கப்பட்ட சின்னம் இருக்கிறதா என்று இலவசமாகத் தெரிந்துகொள்ளலாம். அரிய செடி, விலங்குகளுக்காகப் பாதுகாக்கப்படும் பகுதி என்றால் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் சம்மதமும் தேவைப்படலாம்.

மூன்றாவது: கவுன்சிலின் விதியைப் படிப்பது. பல கவுன்சில்களின் இணையதளத்திலேயே இதற்குப் பதில் இருக்கும். சில கவுன்சில்கள் 'எந்த பார்க்கிலும் அனுமதி இல்லை' என்று நேரடியாகச் சொல்லிவிடும். சில கவுன்சில்கள் குறிப்பிட்ட இடங்களில், நிபந்தனைகளோடு அனுமதிக்கும்.

நான்காவது: எழுதிக் கேட்பது. பார்க் அல்லது சொத்து நிர்வாகப் பிரிவுக்கு இமெயில் அனுப்பலாம். அதில் சொல்ல வேண்டியவை:

எந்த பார்க், அதில் எந்தப் பகுதி (வரைபடத்தோடு)
எந்தத் தேதி, எத்தனை மணி நேரம்
என்ன கருவி, எவ்வளவு ஆழம் வரை தோண்டுவீர்கள்
புல்லைப் பெயர்த்து மீண்டும் எப்படி மூடுவீர்கள்
மற்றவர்களுக்கு விபத்து ஏற்பட்டால் இழப்பீடு தரும் காப்பீடு இருக்கிறதா
கிடைக்கும் பொருளை எங்கே பதிவு செய்வீர்கள், எப்படிப் பங்கிடுவீர்கள்

காப்பீட்டுக்காகவே பலர் மெட்டல் டிடெக்டர் சங்கங்களில் உறுப்பினர் ஆகிறார்கள். உறுப்பினர் சந்தாவுடன் காப்பீடும் சேர்ந்து வரும்.

ஐந்தாவது, மிக முக்கியமானது: பதிலை எழுத்தில் வாங்குவது. பார்க் ஊழியர் ஒருவர் 'பரவாயில்லை, தேடுங்க' என்று வாயால் சொன்னது அனுமதி ஆகாது. அவருக்கு அந்த அதிகாரம் இல்லாமலும் இருக்கலாம். கடிதத்தையோ இமெயிலையோ தேடப் போகும்போது கையில் வைத்திருப்பது நல்லது. பங்கீடு பற்றியும் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டால் பிறகு சண்டை வராது.

கவுன்சில் பதிலே போடவில்லை என்றால்? அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இன்னொரு முறை கேட்கலாம். 'முடியாது' என்று வந்தால் அதோடு விட வேண்டியதுதான். அங்கே நடக்கும் தொல்லியல் ஆய்வுகளில் தன்னார்வலராகச் சேர வாய்ப்பு உண்டா என்று கேட்டுப் பார்க்கலாம்.

ஏதாவது கிடைச்சா என்ன செய்யணும்?

அனுமதியோடு தேடி, பழைய பொருள் ஒன்று கிடைத்துவிட்டது. இப்போது?

தேய்க்கக் கூடாது, கழுவக் கூடாது. ஆர்வத்தில் பளபளப்பாக்கப் போய் பலர் பொருளைக் கெடுத்துவிடுகிறார்கள். கிடைத்த இடத்தை போன் ஜிபிஎஸ் மூலம் குறித்து, போட்டோ எடுக்க வேண்டும். ஒன்றுக்கு மேல் பொருட்கள் குவியலாகத் தெரிந்தால் மேற்கொண்டு தோண்டாமல் நிறுத்திவிட வேண்டும்.

அடுத்து, அந்தப் பகுதியின் 'ஃபைண்ட்ஸ் லியசான் ஆபீசர்' என்ற அதிகாரியைத் தொடர்புகொள்ள வேண்டும். பொதுமக்கள் கண்டெடுக்கும் பழம்பொருட்களைப் பதிவு செய்வதற்காகவே பிரிட்டிஷ் மியூசியம் நிர்வகிக்கும் ஒரு திட்டம் இருக்கிறது. 1997-ல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் இதுவரை 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருட்கள் பதிவாகியுள்ளன.

அந்தப் பொருள் 'புதையல்' வகையில் வந்தால், 14 நாட்களுக்குள் கொரோனர் எனப்படும் விசாரணை அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். சொல்லாமல் விட்டால் 3 மாதம் வரை சிறை அல்லது அபராதம், இல்லைன்னா இரண்டும்.

எது புதையல்? 1996-ம் ஆண்டு புதையல் சட்டத்தின்படி, 300 ஆண்டுக்கு மேல் பழமையான, குறைந்தது 10 சதவீதம் தங்கமோ வெள்ளியோ உள்ள பொருட்கள் இதில் வரும். நாணயம் என்றால் ஒன்று போதாது. ஒரே இடத்தில் 2 தங்க அல்லது வெள்ளி நாணயங்கள், அல்லது வேறு உலோகத்தில் 10 நாணயங்கள் கிடைக்க வேண்டும். 2023-ல் ஒரு மாற்றமும் வந்தது. தங்கம், வெள்ளி இல்லாவிட்டாலும், 200 ஆண்டுக்கு மேல் பழமையான, உலோகம் கலந்த, மிக முக்கியமான வரலாற்றுப் பொருள் என்றால் அதுவும் புதையல்தான்.

புதையலை ஏதாவது மியூசியம் வாங்கினால் அதன் மதிப்புக்குப் பரிசுத் தொகை உண்டு. வழக்கமாக கண்டெடுத்தவருக்குப் பாதி, நில உரிமையாளருக்குப் பாதி. ஆனால் அனுமதி இல்லாமல் நுழைந்து தேடியவருக்கு இந்தத் தொகை குறைக்கப்படலாம், ஒன்றுமே கிடைக்காமலும் போகலாம்.

அனுமதி வாங்கியவர், மறைத்தவர்கள்: 2 சம்பவங்கள்

2009 ஜூலை. ஸ்டாஃபோர்ட்ஷயர் பகுதியில் ஒரு விவசாய நிலம். உரிமையாளரின் அனுமதியோடு தேடிய ஒருவருக்குத் தங்கத் துண்டுகள் கிடைத்தன. அவர் தகவல் சொன்னார், தொல்லியலாளர்கள் வந்தார்கள், முறையாக அகழாய்வு நடந்தது. ஆங்கிலோ சாக்சன் காலத்துத் தங்கப் புதையல்களில் இதுவரை கிடைத்ததிலேயே பெரியது வெளியே வந்தது. மதிப்பு 32 லட்சத்து 85 ஆயிரம் பவுண்டு. கண்டெடுத்தவரும் நில உரிமையாளரும் பாதிப் பாதி பங்கிட்டுக்கொண்டார்கள். புதையல் இன்று பர்மிங்காம், ஸ்டோக் ஆன் டிரென்ட் மியூசியங்களில் மக்கள் பார்வைக்கு இருக்கிறது.

2015-ல் ஹெரிஃபோர்ட்ஷயர் பகுதியில், லெம்ஸ்டர் நகருக்குப் பக்கத்தில், 2 பேருக்கு வைக்கிங் காலப் புதையல் கிடைத்தது. தங்க நகைகள், கூடவே சுமார் 300 வெள்ளி நாணயங்கள் இருந்திருக்கலாம் என்று கணிக்கப்பட்டது. அவர்கள் அதை முழுமையாக அறிவிக்காமல் மறைத்து, நாணயங்களை விற்கப் பார்த்தார்கள். 2019-ல் நீதிமன்றம் ஒருவருக்கு 10 ஆண்டும், மற்றவருக்கு எட்டரை ஆண்டும் சிறைத் தண்டனை கொடுத்தது. பின்னர் மேல்முறையீட்டில் இது குறைக்கப்பட்டது.

இதில் பெரிய இழப்பு வேறு. மீட்கப்பட்டவை சுமார் 30 நாணயங்கள்தான். அவற்றில் சிலவற்றில் ஆல்ஃபிரட், சியோல்வுல்ஃப் என்ற இரு அரசர்களும் அருகருகே இருப்பது போன்ற உருவம் பொறிக்கப்பட்டிருந்தது. இருவரும் கூட்டாளிகளாக இருந்தார்கள் என்பதற்கு அது சான்று. மிச்சம் நாணயங்கள் என்ன சொல்லியிருக்கும் என்பது யாருக்கும் தெரியாமலே போய்விட்டது.

மோதிரம் தொலைஞ்சு போச்சு, தேடலாமா?

பார்க்கில் விளையாடும்போது கல்யாண மோதிரம் விழுந்துவிட்டது. உங்கள் மோதிரம்தான். ஆனாலும் நிலம் கவுன்சிலுடையது. அங்கேயும் முதலில் நிர்வாகத்திடம் சொல்லி, அனுமதி வாங்கித்தான் கருவியைப் பயன்படுத்த வேண்டும். தொலைந்த பொருளைத் தேடித் தரவே சில டிடெக்டர் குழுக்கள் முன்வருவது உண்டு.

தேடும்போது வேறு யாருடைய நகையோ, பர்ஸோ கிடைத்தால்? உரிமையாளரைக் கண்டுபிடிக்க முயற்சி எடுக்காமல் பையில் போட்டுக்கொண்டால் அங்கே அது திருட்டாகவே கருதப்படலாம். பார்க் நிர்வாகத்திடம் ஒப்படைப்பதுதான் சரி.

மற்ற நாடுகளில் எப்படி?

அமெரிக்காவின் தேசியப் பூங்காக்களில் மெட்டல் டிடெக்டர் பயன்படுத்துவது மட்டுமல்ல, பயன்படுத்தும் நிலையில் கையில் வைத்திருப்பதும் விதிமீறல். மாகாண, நகரப் பூங்காக்களுக்கு விதி இடத்துக்கு இடம் மாறும். உதாரணமாக, நியூயார்க் நகரப் பூங்காக்கள் துறை இதற்கென்றே தனி பெர்மிட் வைத்திருக்கிறது.

அயர்லாந்தில் பழம்பொருள் தேடுவதற்காக மெட்டல் டிடெக்டர் பயன்படுத்த அரசின் சம்மதம் கட்டாயம். சம்மதம் இல்லாமல் தேடுவதே குற்றம்.

நம்ம ஊர்ல சட்டம் என்ன?

நம்ம ஊரிலும் பார்க் நிலத்துக்கு உரிமையாளர் உண்டு. மாநகராட்சி, நகராட்சி, தோட்டக்கலைத்துறை, வனத்துறை என யாராவது ஒருவர். அவர்களைக் கேட்காமல் தோண்ட முடியாது.

மத்திய, மாநில தொல்லியல் துறைகள் பாதுகாக்கும் இடங்கள் தனி. 1958-ம் ஆண்டு மத்திய சட்டம், தமிழ்நாட்டில் 1966-ம் ஆண்டு மாநிலச் சட்டம் ஆகியவை இவற்றைப் பாதுகாக்கின்றன. இங்கே உரிமம் இல்லாமல் அகழ்வது குற்றம்.

மண்ணில் ஏதாவது கிடைத்தால், ஆங்கிலேயர் காலத்தில் வந்த 1878-ம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டம்தான் இன்றும் பேசும். அதன் முக்கிய அம்சங்கள்:

மண்ணில் மறைந்து கிடந்த மதிப்புள்ள எந்தப் பொருளும் புதையல்தான். தங்கமாக இருக்க வேண்டும் என்று இல்லை.
மதிப்பு 10 ரூபாய்க்கு மேல் என்றாலே மாவட்ட கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். என்ன கிடைத்தது, எங்கே, எந்தத் தேதியில் என்று சொல்ல வேண்டும்.
பொருளை அருகில் உள்ள அரசு கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும், அல்லது கேட்கும்போது தருவதற்குப் பிணை கொடுக்க வேண்டும்.
கலெக்டர் அறிவிப்பு வெளியிட்டு விசாரிப்பார். உரிமையாளர் இல்லை என்று முடிவானால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, இடத்தின் உரிமையாளருக்குக் கால் பங்கு.
அரசுக்குத் தேவை என்றால் பொருளின் மதிப்போடு கூடுதலாக ஐந்தில் ஒரு பங்கு கொடுத்து எடுத்துக்கொள்ளலாம்.
தெரிவிக்காமல் மறைத்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

10 ரூபாய் என்பது 1878-ல் பெரிய தொகை. இன்று ஒரு டீ விலைகூட அதைத் தாண்டிவிட்டது! அதனால் நடைமுறையில் கிட்டத்தட்ட எது கிடைத்தாலும் சொல்லியாக வேண்டும்.

இதோடு 1972-ம் ஆண்டு தொல்பொருள் சட்டமும் சேரும். 100 ஆண்டுக்கு மேற்பட்ட நாணயம், சிலை போன்றவை தொல்பொருட்கள். உரிமம் இல்லாமல் அவற்றை வியாபாரம் செய்யவோ, தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்பவோ முடியாது. வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டும்போதோ, வயலில் உழும்போதோ சிலை கிடைத்தால் தாசில்தாருக்குச் சொல்லுங்கள் என்று கேட்பது இதற்காகத்தான்.

ஏன் சொல்ல வேண்டும் என்பதற்கு நம்மிடமே உதாரணம் இருக்கிறது. கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த மாதிரி ஒன்று கி.மு. 580 என்று காலக்கணிப்பில் தெரிந்ததாக 2019-ல் தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கை சொன்னது. தமிழ்நாடே பேசிய செய்தி அது. அந்த ஆழத்தை யாரும் குறித்து வைக்காமல், யாரோ ஒருவர் தோண்டி எடுத்துப் போயிருந்தால்? அது வெறும் கரித்துண்டு!

சுருக்கமா சொன்னா...

பார்க் பொதுவானது, நிலம் பொதுவானது இல்லை. உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும்.
பாதுகாக்கப்பட்ட சின்னம் உள்ள இடம் என்றால் உரிமையாளர் அனுமதி மட்டும் போதாது.
ஏதாவது கிடைத்தால் கழுவாமல், இடத்தைக் குறித்து, உடனே தெரிவிக்க வேண்டும். இங்கிலாந்தில் புதையல் என்றால் 14 நாள் கெடு. நம்ம ஊரில் கலெக்டர் ஆபீஸ்.
அனுமதி இல்லாமல் எடுத்தால், ஃபார்ன்ஹாம் பார்க் ப்ரூச் போல, நேர்மையாகச் சொன்னாலும் பொருள் கை நழுவிப் போகலாம்.